முப்பத்தி நாலு வீசை

வேண்டாம்னு அவ சொன்னா. அவ சொன்னதாலேயே வச்சேன். சவம், இதைப் போயி யாருகிட்டச் சொல்லி அழ? 'ஏட்டி சொர்ணம், அந்தக் கல்லு சத்தம் சரியில்ல, தாண்டி வையி'ன்னு பின்னாலயிருந்து எங்க நாத்தனா ஆவுடை சொல்லி வாய மூடல, நான் வேணும்னே, பாத்தே, அழுத்தியே வச்சேன், கல்லு ணக்குனு ஒரு விரக்கடை இறங்கிட்டு. அதோட முடிஞ்சுதா? தலைக்கு மேல, வாசல் வரைக்கும் நூறு தப்படி நீளத்துக்கு மூடியிருக்க பலகைக்கல்லு எல்லாம் தூக்கத்துல புரண்டு படுக்க மாதிரி ஒரு மொனகல், தூசி பொலபொலன்னு கொட்டிச்சு, அப்புறம் ஒண்ணுமில்ல. கால்பிடிக் கல்லு. ஆறு வருசமா இந்த உறங்காக்கோட்டையில பொறி அவிழ்க்கேன், முள்ளு பாயுற சுவரு, புகை ஊதுற சிங்க மொகம், மனுச வாடைக்கு வாயைப் பிளக்குற தரை, எல்லாத்தையும் அவிழ்த்துட்டு கடைசியில போயி மாட்டினது மொத நாளே சொல்லித்தார பொறியில. அதோட குணம் ரொம்ப லேசு. மேல நிக்கவளோட எடையை வாங்கி வச்சுக்கிடும். குறைஞ்சாலும் கோவம், கூடினாலும் கோவம். அரை வீசை முன்னப்பின்ன பொறுக்கும். அதுக்கு மேல வித்தியாசம் தட்டிச்சுன்னா மூணு மூச்சு பாக்கும், நாலாவது மூச்சுல மேல இருக்கது அத்தனையும் கீழ. மூணு மூச்சுல நூறு தப்படி ஓட நான் என்ன மானா? வெறும் மூட்டையை வச்சு ஏமாத்தவும் முடியாது, வைக்கதுல உயிர்ச்சூடு இருக்கணும் அதுக்கு. அதனால என் எடைக்கு எடை மணலை அள்ளி, கடலை வறுக்க மாதிரி சட்டியில வறுத்து, தோல்மூட்டையில கட்டி, சறுக்குப் பலகையில வச்சு இழுத்துட்டு வரணும். அதுக்குத்தான் ஆவுடை வெளிய போயிருக்கா. போகும்போது திரும்பிப் பாத்து ஒரே ஒரு வார்த்தை சொன்னா. 'அசையாம நில்லு, எருமை.' வேற ஒருத்தியா இருந்தா பயப்படாதன்னு சொல்லியிருப்பா.

மூக்கு அரிக்கி. கையைத் தூக்கிச் சொறியலாமா? கையும் என் எடைதானே, எங்கிட்டயேதான இருக்கு, தூக்கினா என்ன குறையவா போகுது, ஆனா தூக்கப் பயமா இருக்கு. இந்தக் கோட்டையைக் கட்டின நெடியவங்களை நினைச்சா எனக்கு பயத்தை விட எரிச்சல்தான் பொத்துக்கிட்டு வருது. ஒவ்வொரு படியும் என் முட்டி உசரம், கதவுப் பிடி எல்லாம் ஏணி வச்சாத்தான் எட்டும், அவ்வளவு பெரிய ஆளுக, அவ்வளவு புத்தி, அந்தப் புத்தி முழுசையும் அடுத்தவன் வந்துருவான் வந்துருவான்னு சந்தேகப்படுறதுலயே செலவழிச்சிருக்கானுவ. சரி, பொன்னை வச்சிருக்கான், பூட்டுதான். கிரீடத்தை வச்சிருக்கான், பூட்டுதான். இந்த நடை முடிவுல இருக்க அறையில என்ன இருக்கு தெரியுமா? போன வாரம் சுவத்துல ஓட்டை போட்டு தீவட்டியை நீட்டிப் பாத்தாச்சு. ஊறுகா சாடி. வரிசையா ஊறுகா சாடி! காஞ்சு கருகிக் கல்லாப்போன ஏதோ காயி, ஆளுயரச் சாடியில. இதுக்குத்தான் நூறு தப்படி நீளப் பொறி. இவனுக வீட்டு மருமக எவளாவது சாடியில கைய விட்டுருவான்னு மாமியாக்காரி சொல்லிக் கட்டினதோ என்னவோ. கட்டினவன் செத்து மண்ணாப் போயி, அவன் பேரும் போயி, பாசையும் போயி, எங்க ஊர்க்காரங்க வீடு கட்ட நாலு கல்லு எடுப்போம்னு வந்தா, இன்னும் அந்தச் சாடிக்குக் காவல். உறங்காதாம். எப்படி உறங்கும், ஊறுகா போயிரும்ல! ரெண்டு சூரியன்ல சின்னச் சூரியனோட வெளிச்சம் மேல இருக்க ஓட்டை வழியா நீலமா விழுது. அவ போகும்போது எதிர்ச் சுவத்துல இருந்த பாம்புச் செதுக்கலோட வாலுல இருந்துச்சு, இப்ப கழுத்துக்கு வந்துட்டு. மணல் வறுக்க இம்புட்டு நேரமா? அடிவயிறு வேற முட்டுது. காலையில ரெண்டு கும்பா கஞ்சி குடிச்சேன். ஒரு கும்பாதான் வழக்கம். 'உப்பு பத்தல'ன்னு ஆவுடை மொகத்தைச் சுளிச்சா, 'பத்தாம என்ன, அமிர்தமால்லா இருக்கு'ன்னு அவளுக்கு முன்னாலயே ரெண்டாவது கும்பாவையும் மடக்கு மடக்குன்னு குடிச்சேன். உப்பு பத்தலதான். இப்ப அந்தக் கஞ்சி வெளிய போகணும்னு நிக்கு. ஒண்ணுக்குப் போனா எத்தனை பலம் குறையும்? ஒரு வீசைக்கு நாப்பது பலம், அரை வீசைன்னா இருபது. கல்லு மேலயே போனா எடையில சேருமா, ஓரமா வழிஞ்சு போச்சுன்னா சேராதா? வியர்வை வேற சொட்டுது. அதெத்தனை பலமோ. கல்லு இறங்கும்போது இருந்த எடை முப்பத்தி நாலு வீசைன்னா அதுல…

முப்பத்தி நாலு. ஐயோ. ஐயையோ, பலகையில எழுதியிருக்கது முப்பத்தி நாலு. பாளையத்துல எங்க கூடாரத்துக்கு முன்னால தொங்குற பலகையில, சுண்ணாம்பால, கோழி முட்டை தண்டிக்கு எழுதியிருக்கு. 'சொர்ணம் 34, ஆவுடை 36.' மாசம் ஒருக்கா ஆலமரத்துக் கொப்புல பெரிய தராசைக் கட்டி எல்லாரையும் நிறுத்து எழுதுதது எதுக்கு, இந்தமாதிரி எவளாவது மாட்டினா அதைப் பாத்து மணல் அள்ளத்தான். ஆவுடை நேரே அங்கதான் போவா. பலகையைப் பாப்பா. முப்பத்தி நாலு அள்ளுவா. நான் முப்பத்தி நாலு இல்ல. நான் முப்பத்தி நாலா இருந்தது கல்யாணத்துக்கு முன்னால. தராசுத் தட்டுல ஏறும்போது பக்கத்துல கொப்புக்கு முட்டுக் குடுத்திருக்க கம்பு நிக்கும், சேலைத் தலைப்பை இழுத்து விடுத மாதிரி கையைக் கொண்டுபோயி அதுல லேசா ஊனிக்கிடுவேன். ஆறு வருசமா. மாசா மாசம். ஒருத்தனும் கண்டுபிடிக்கல. எனக்கே சாமர்த்தியக்காரின்னு நெனப்பு. எதுக்குட்டி செஞ்ச, எதுக்கு? எதுக்குன்னா, சோடியில எடை குறைஞ்சவதான் முன்னால போகணும், அதுதான் முறை, லேசான காலுக்குப் பாதிக் கல்லு முழிக்காதுன்னு. கூடினவ பின்னால, தண்ணித் தோல்பை, கயிறு, கடப்பாறை எல்லாத்தையும் சொமந்துக்கிட்டு. ஆவுடைக்குப் பின்னால மூட்டை தூக்கிட்டு நான் போகணுமா? செத்தாலும் மாட்டேன்னு நெனச்சேன். நல்லா நெனச்ச போ, அந்தச் சாவுதான் இப்ப தலைக்கு மேல தொங்குது. உண்மை எடையைக் காட்டியிருந்தா அவ முன்னால போயிருப்பா, கல்லு சத்தம் சரியில்லன்னு தாண்டியிருப்பா, நானும் தாண்டியிருப்பேன், இந்நேரம் வெளிய உக்காந்து உப்பில்லாத கஞ்சிக்குச் சண்டை போட்டுக்கிட்டு இருந்திருப்போம்.

மதினீ, மதினீன்னு கத்திப் பாத்தேன். நடை ரெண்டு எடத்துல திரும்புது, அதுக்கப்புறம் கோட்டையோட திறந்தவெளி முத்தம், அதைத் தாண்டித்தான் பாளையம். என் குரல் எனக்கேதான் திரும்பி வந்துச்சு, தூசி கொஞ்சம் கூட வந்துச்சு, வாய மூடிக்கிட்டேன். வேற யாராவது வருவாங்களான்னா வரமாட்டாங்க, ஒரு சோடி உள்ள இருக்கப்ப மூணாவது ஆளு உள்ள வரக்கூடாது. எல்லாத்துக்கும் ஒரு முறை வச்சிருக்காங்க. சண்டைக்காரிகளைத்தான் சோடி போடணும்னு ஒண்ணு வச்சிருக்காங்களே, அதை எந்த மகராசன் வச்சானோ. முன்னால ஒரு காலத்துல புதுசாக் கல்யாணமான புருசன் பொண்டாட்டி சோடியாப் போயி, அவன் தட்டின கல்லை அவ சந்தேகப்படல, அவ சொன்னதை அவன் சோதிக்கல, ரெண்டு பேரும் முள்ளுச் சுவத்துல சாஞ்சு போயிட்டாங்களாம். பாசம் இருந்தா கண்ணு அவிஞ்சு போகும், பகை இருந்தாத்தான் ஒவ்வொரு கல்லையும் பாக்கும்னு அன்னைக்கு முடிவு பண்ணினாங்களாம். எங்க கல்யாணமாகி அஞ்சாம் வருசம் தலைக்கட்டு ஆளுக வீட்டுக்கு வந்து, இந்த ஊருலயே உங்க ரெண்டு பேருக்கு மாதிரி பொருத்தமான பகை யாருக்கும் இல்லன்னு பொண்ணு கேக்க மாதிரி கேட்டுட்டுப் போனாங்க. எங்க வீட்டுக்காரரு உலகு, அவ தம்பிதானே, வெத்தலையை மடிச்சு வாயில போட்டுக்கிட்டு, 'நல்லதாப் போச்சு, வீட்டுல போடுற சண்டையை அங்க போயிப் போடுங்க'ன்னாரு. மனுசனா அவரு. பகைக்கு மட்டும் என்ன பெரிய காரணமா? கல்யாணத்தன்னைக்கு நான் வலது காலை எடுத்து வச்சு வீட்டுக்குள்ள வாரேன், பந்தல் முழுக்க சனம், ஆவுடை ஆரத்தித் தட்டைக் கையில வச்சுக்கிட்டு, 'காலா இது, எருமைக் குளம்புல்லா, வச்ச எடம் இறங்கிராம'ன்னா. பந்தலே சிரிச்சுச்சு. உலகு கூடச் சிரிச்சாரு, அதை நான் மறக்கல. பதினோரு வருசம் ஆச்சு. அந்த ஒரு சொல்லுக்காக தராசுல களவு பண்ணி, முன்னால நடந்து, அவ வேண்டாம்னு சொன்ன கல்லுல வேணும்னு வச்சு, இப்ப பாரு, வச்ச எடம் இறங்கிட்டு. அவ வாக்கு பலிச்சுட்டு. அதை நெனச்சாத்தான் எனக்குப் பத்திக்கிட்டு வருது.

வெளிச்சம் பாம்போட தலைக்கு வந்தாச்சு. இடது காலு மரத்து, யாரு காலோ மாதிரி இருக்கு. ஒருவேள அவ வரமாட்டாளோ? வந்தா ரெண்டு பேருக்கும் ஆபத்து, வராட்டி எனக்கு மட்டும். 'முடிஞ்ச மட்டும் பாத்தேன், கல்லு கேக்கல'ன்னு வெளிய சொல்லிட்டா யாரு வந்து பாக்கப் போறா? தம்பிக்கு வேற ஒருத்தியைப் பாத்துக் கட்டி வைப்பா, சின்னக் காலா, அல்லிப்பூக் காலாப் பாத்து. சீ, இப்படி நெனக்கலாமா? நெனப்பேன், எனக்கென்ன. நின்னுக்கிட்டே சாகப் போறவ நெனக்கக்கூட கூடாதா? ஆனா வராம இருக்க மாட்டா. அதுதானே வினை. வருவா, முப்பத்தி நாலு வீசையை இழுத்துட்டு வருவா, நான் ஒண்ணும் சொல்லாம இருந்தா மூட்டையைக் கல்லுல தள்ளுவா, நான் இறங்குவேன், நாலாவது மூச்சுல ரெண்டு பேரும் சட்டினி. சொல்லணும். மதினி, பலகை பொய்யின்னு சொல்லணும். சொல்லிட்டு அவ மூஞ்சியை எப்படிப் பாக்க? ஆறு வருசமா எருமையில்ல, எருமையில்லன்னு பலகையில எழுதிக் காட்டினேன்ல. சொன்னா மறுபடி போயி இன்னும் மணல் வறுத்துட்டு வரணும், அதுக்குள்ள காலு மடங்கிரும். சொல்லாட்டி சாவு. சொன்னா மானம். எனக்கு இருக்க மானத்துக்கு எத்தனை பலம் தேறும், சொர்ணம்? ரெண்டு பலம் இருக்குமா? அவளுக்கு ரெண்டு பொட்டப்புள்ளைக இருக்கு, அதுகளுக்குத் தலை வாரி விட்டுட்டு வந்தாளே காலையில, அதுல ஒண்ணுக்குப் பேனு, அதுக்கும் என்னைத்தான் குத்தம் சொன்னா. இப்ப என்ன சத்தம்? சர்… சர்… சறுக்குப் பலகை. படியில ஏறி இறங்குத சத்தம், டொம்முனு. ஐயோ, வந்துட்டா. இன்னும் கொஞ்ச நேரம் கழிச்சு வந்தா என்ன, மூதேவி, எப்பவும் எனக்கு வேண்டாத நேரத்துலதான் வருவா.

திருப்பத்துல அவ தலை தெரியவுமே கத்திட்டேன். "மதினி, அங்கயே நில்லுங்க! கிட்ட வராதீங்க!" அவ நிக்கல. கயித்தைத் தோள்ல போட்டு மாடு மாதிரி இழுத்துக்கிட்டு, மூச்சு வாங்க, நாங்க தட்டிப் பாத்த கல்லுகளை மட்டும் மிதிச்சு வாரா, மொகமெல்லாம் அடுப்புக் கரி. "பலகையில இருக்கது பொய்யி மதினி. நான் முப்பத்தி நாலு இல்ல. தராசுல கையை ஊனிட்டேன். போயிருங்க, மூட்டை பத்தாது, போயிருங்க"ன்னு சொல்லி முடிக்கதுக்குள்ள எனக்கு அழுகை முட்டிட்டு, அழுதா கண்ணீரு எத்தனை பலம்னு அப்பவும் ஒரு நெனப்பு. ஆவுடை எனக்கு முன்னால வந்து நின்னு, கயித்தைக் கீழ போட்டுட்டு, முந்தானையால மூஞ்சியைத் துடைச்சா. "முப்பத்தெட்டு"ன்னா. "கஞ்சிக்கு அரை வீசை சேத்திருக்கேன். ரெண்டு கும்பா குடிச்சேல்லா." மூட்டையையும் அவளையும் மாத்தி மாத்திப் பாத்தேன். "எப்படித் தெரியும்?" "ஆறு வருசமாப் பின்னால நடக்கேன், உன் காலு மண்ணுல எவ்வளவு பதியுதுன்னு எனக்குத் தெரியாதா? நீ தராசுல கம்பைத் தடவுததையும் மாசா மாசம் பாத்துக்கிட்டுத்தான் இருக்கேன்." "தெரிஞ்சுமா சொல்லல?" அவ மூட்டைக் கட்டை ஒருவாட்டி இழுத்துப் பாத்தா, வேணும்னே நேரம் கடத்துத மாதிரி. அப்புறம் என்னைப் பாக்காம கல்லைப் பாத்துச் சொன்னா. "சொன்னா நான்தான முன்னால போகணும். எனக்கு முன்னால போகக் காலு வராதுட்டி. மொத நாள்ல இருந்தே வராது." அடிப்பாவி! ஆறு வருசமா என்னை முன்னால விட்டு, பின்னால பத்திரமா நடந்து வந்திருக்கா. நான் அவளை ஏமாத்துததா நெனச்சுக்கிட்டு அவளுக்கு முன்னால நெஞ்சை நிமித்தி நடந்திருக்கேன். "நாசமாப் போவ மதினி நீங்க"ன்னேன். "போவேன், போவேன், மொதல்ல எறங்கு. மணலு ஆறுது"ன்னா. மூட்டையை என் காலை ஒட்டித் தள்ளினா, நல்ல சூடு, பாதம் வெந்துச்சு. குதிச்சேன். எங்க குதிக்க, மரத்த காலு மடங்கி அவ மேல விழுந்தேன், ரெண்டு பேரும் தரையில. ஒரு மூச்சு. மேல பலகைக்கல்லு மொனகிச்சு. ரெண்டு மூச்சு. அவ எந்திரிச்சு ஓடியிருக்கலாம், ஓடல, என் கையைப் பிடிச்சிருந்தா, நகம் பதியப் பிடிச்சிருந்தா, கண்ணை இறுக்கி மூடியிருந்தா. மூணு. நாலாவது மூச்சை நான் விடவே இல்ல. தூசி கொஞ்சம் விழுந்துச்சு, அவ்வளவுதான். எங்கயோ ஒரு பல்லி கத்திச்சு.

காலு ஊனவே முடியல. அந்தச் சறுக்குப் பலகையிலயே என்னை உருட்டிப் போட்டு, ஆவுடை கயித்தைத் தோள்ல மாட்டினா. மணலு ஆறதுக்குள்ள வெளிய போயாகணும். சர்… சர்… படியில டொம்மு டொம்முன்னு முதுகெலும்பு எகிறுது, ஒவ்வொரு படிக்கும் அவ என்னையும், என்னைப் பெத்தவளையும், என் கஞ்சியையும் திட்டுதா, நான் மல்லாக்கப் படுத்துக்கிட்டு அவ புள்ளைக பேனு வரைக்கும் இழுத்து வச்சுத் திட்டுதேன். வெளிய முத்தத்துக்கு வந்து செத்த நேரத்துல பின்னால இடி விழுந்த மாதிரி ஒரு சத்தம், நடை முழுசும் உக்காந்துட்டு, ஊறுகா சாடிக்கு இனி காவல் வேண்டாம். கல்லு கேட்டவங்களுக்கு உடைச்ச கல்லாவே கெடைக்கும். சின்னச் சூரியன் மூஞ்சியில அடிச்சுது. அங்க உலகும் மத்தவங்களும் ஓடி வாரது தெரிஞ்சுது. அவங்க கிட்ட வாரதுக்குள்ள ஆவுடை நின்னா. கயித்தைக் கையில மாத்திப் பிடிச்சா. குரலு ரொம்பத் தணிவா, என்கிட்ட அவ அந்தக் குரல்ல பேசி நான் கேட்டதே இல்ல, "அடுத்த வாரம் தராசு கட்டுவாங்க. என்ன சொல்லப் போற?"ன்னு கேட்டா. எனக்கு எரிச்சல்னா எரிச்சல், இவளைப் போயி இத்தனை வருசம் பகைச்சுக்கிட்டு இருந்தேனே, முன்னால நடக்கக்கூடத் துப்பில்லாதவளை.

"எப்பவும் போலதான்"ன்னேன். "முப்பத்தி நாலு."

அவ மூக்கை உறிஞ்சிக்கிட்டு, முன்னால திரும்பி, எல்லாருக்கும் கேக்க மாதிரி, "எருமை, என்னா கனம் கனக்கா"ன்னு சொல்லிக்கிட்டே கயித்தை இழுத்தா.